கசக்காத மாத்திரை

என் பெயர் ஆர்வோ லெஹ்டினென். தகப்பனார் பெயர் எய்னோ. வயது எழுபத்திரண்டு. மினசோட்டா மாநிலம் ஹிப்பிங் ஊரில், பழைய சுரங்கக் குடியிருப்பில் தனியாக வசித்து வருகிறேன். இரும்புச் சுரங்கத்தில் பாறை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ரோலி டோம்சிச்சின் மரணம் சம்பந்தமாக அவன் மகள் டெனிஸ் கொடுத்த புகாரின் பேரில் மாவட்டக் காவல் அதிகாரியான துணை ஷெரிஃப் கெஸ்லர் என்னை விசாரித்தார். வக்கீல் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். ரோலியை அவன் என்றே சொல்வேன். அவர் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

நானும் ரோலியும் ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிப்டில் லாரி ஓட்டியவர்கள். எங்கள் இருவருக்கும் ஒரே குளிர்காலத்தில் பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதம் இருப்பதாகத் தெரியவந்தது. அதன் பிறகு துலூத் நகரில் ஒரு ஆராய்ச்சி மையத்தில் அந்த நோய்க்குப் புது மருந்து சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் சேர்ந்தோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, ஒருவர் மாத்திரையை இன்னொருவர் தொடக்கூடாது என்று சொன்னார்கள். அதைத் தெரிந்தேதான் சேர்ந்தோம்.

ரோலியின் மனைவி மார்லீன்தான் எங்களைக் காரில் கூட்டிப்போவார். அதே மாடியில் நடந்த மூட்டுத் தேய்மான ஆராய்ச்சியில் தன் முழங்காலுக்காக அவரும் சேர்ந்திருந்தார். காத்திருக்கும் இடம் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். மார்லீன் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவிக்கும்போதெல்லாம் ரோலி கேலி செய்வான். “உங்க கூட்டத்தால எந்திரிக்க முடியாது, எங்க கூட்டத்தால சும்மா உக்கார முடியாது. நல்ல ஜோடி போட்டு வெச்சிருக்கான்யா.” மார்லீன் கைத்தடியால் அவன் காலில் ஒன்று போடுவார்.

அதன் பிறகு சில மாதங்களில் ரோலிக்கு நடை திருந்தியது. சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொண்டான். எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. காப்பியைக் கோப்பையில் பாதிதான் ஊற்றிக்கொள்வேன், அதிலும் பாதி மேசைக்குப் போகும். பொறாமை இருந்ததா என்று துணை ஷெரிஃப் கேட்டார். இருந்தது.

காத்திருக்கும் இடத்தில் ஒருவர், மாத்திரையைக் கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், மருந்தென்றால் கசக்கும் என்று சொன்னார். அன்று மாலை என் வீட்டில் சீட்டாடும்போது ரோலி தன்னுடையதைக் கடித்தான். முகம் கோணிப் போய் சிங்க்கில் துப்பினான். பிறகு நான் என்னுடையதைக் கடித்து மென்றேன். எந்தச் சுவையும் இல்லை. ரோலி முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

இந்த இடத்தில் வேறொரு சங்கதியையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு மார்லீன் செய்த வால்நட் ரொட்டியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்துவிட்டது. எல்லோரும் துப்பினார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்றேன். “மரியாதைன்னா இதுதான்டா, செத்தாலும் குறை சொல்லமாட்டான்” என்று ரோலி என் முதுகில் தட்டினான். அவர்கள் என்னை வைத்து வேடிக்கை செய்வதாக நினைத்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரையைக் கடித்துப் பார்த்த பிறகு, அடுத்த முறை துலூத்திலிருந்து புது பாட்டில்களோடு திரும்பிய அன்று ரோலி என் வீட்டுக்கு வந்தான். தன் பாட்டிலை மேசைமேல் கவிழ்த்து, “உன்னுதயும் கொட்டுடா. மாத்திக்குவோம்” என்றான். நான் மாட்டேன் என்றேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “எனக்குப் பட்டன் போட்டுவிட மார்லீன் இருக்கா. உனக்கு யாருடா இருக்கா?”

நான் என் பாட்டிலை எடுத்து வந்து வைத்தேன். அவனே என் மாத்திரைகளைத் தன் பாட்டிலிலும் தன்னுடையதை என் பாட்டிலிலும் போட்டு மூடினான். மிச்ச மாத்திரைகளை மையத்தில் எண்ணுவார்கள் என்பதால் இருவரும் சொன்ன கணக்குப்படி ஒழுங்காக விழுங்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். மார்லீனுக்கும் டெனிஸுக்கும் தெரியாது. நான் பிடுங்கிக்கொண்டேன் என்று டெனிஸ் புகாரில் சொல்லியிருப்பது சரியல்ல. ஆனால் அவன் கொடுத்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு என் கை நிதானப்பட்டது. ஒரு காலையில் கண்ணாடி முன் நின்று, ரத்தக்காயம் இல்லாமல் நானே ஷேவ் செய்தேன். ரோலிக்குப் போன் செய்து சொன்னேன். “அப்ப இனிமே உன் மூஞ்சியப் பாக்கலாம்னு சொல்லு” என்றான். அவன் அவ்வளவு சத்தமாகச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

அதே சமயத்தில் ரோலிக்கு எழுந்து நின்றால் தலை சுற்றியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். சீட்டாடும்போது, மாத்திரையைத் திருப்பி மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன். “வயசாச்சுடா. நீ உன் சீட்டப் பாரு” என்றான். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. மையத்துக்குப் போன் செய்யவும் இல்லை. அதன் பிறகு ஒரு காலை அவன் பறவைகளுக்குத் தானியம் போட வெளியே போய், திரும்பும்போது பின்வாசல் படியில் விழுந்தான். மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே இறந்துபோனான். படியில் ஐஸ் இல்லை என்று டெனிஸ் சொல்வது உண்மை. ஐஸ் கட்டாமலிருக்க மார்லீன் அன்று காலைதான் உப்புத் தூவியிருந்தார்.

அடக்கம் முடிந்ததும் நானே மையத்துக்குப் போன் செய்து மாற்றிக்கொண்டதைச் சொன்னேன். யாருக்கு எது என்ற ரகசியத்தை அவர்கள் திறந்து பார்த்தார்கள். டாக்டர் அம்மா என்னையும் மார்லீனையும் டெனிஸையும் உட்கார வைத்துச் சொன்னார். மருந்து இருந்தது மையம் எனக்குக் கொடுத்த மாத்திரையில். ரோலிக்குக் கொடுத்தது வெறும் மாத்திரை; மாற்றிக்கொண்ட பிறகு நான் விழுங்கியது அதைத்தான். எனக்குப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு வந்த அளவை ரோலியின் உடம்பு ஒரேயடியாக வாங்கியிருக்கிறது. நின்றால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்றார்.

“என்னுது கசக்கவே இல்லையே” என்றேன்.

“ரெண்டுமே கசக்கும். யாரும் கண்டுபிடிக்கக்கூடாதுன்னு அப்படித்தான் செய்வோம்” என்றார். பிறகு, “காப்பி வாசனை உங்களுக்குத் தெரியுதா?” என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. எப்போதிலிருந்து என்றும் தெரியவில்லை. கை நடுங்குவதற்கு வருஷங்கள் முன்பே இந்த நோய் மூக்கையும், சிலருக்கு நாக்கையும் கொண்டுபோய்விடும் என்றார். மார்லீன் என்னைத் திரும்பிப் பார்த்தார். உப்பு ரொட்டி அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு காரில் வரும்போது மார்லீன் ஒன்று சொன்னார். விழுவதற்குச் சில நாள் முன்பு, காலைச் சாப்பாட்டின்போது ரோலி வாயில் மாத்திரை உடைந்துவிட்டது. முகம் கோணிப் போய் வாய் கொப்பளித்தான். கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆர்வோ நாக்கு மரத்துப்போச்சு போல இருக்கு” என்று சிரித்தான். என்ன விஷயம் என்று மார்லீன் கேட்டதற்கு, “அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாத. இப்பதான் தானா ஷேவ் பண்றான்” என்றான். மார்லீனுக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. சீட்டாட்ட விளையாட்டு என்று விட்டுவிட்டார்.

அவன் அன்றே என்னிடம் சொல்லியிருந்தால் உயிரோடு இருந்திருப்பான். அவன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

டாக்டர் அம்மா அந்த விஷயத்தைச் சொன்ன மறுநாளிலிருந்து என் கை பழையபடி ஆகிவிட்டது. இன்று இங்கே வருவதற்கு மார்லீன் வந்து எனக்கு முகம் மழித்து, சட்டைப் பட்டன் போட்டுவிட்டார். அவர் விரல்களும் வீங்கியிருப்பதால் வெகுநேரம் பிடித்தது.

மேலே எழுதியிருப்பதைத் துணை ஷெரிஃப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எனக்குத் தெரிந்து இதில் பொய் இல்லை. கீழே உள்ள கையெழுத்து, கை நிதானமாயிருந்தபோது மையத்தின் காகிதங்களில் போட்டதைப் போல இல்லாவிட்டாலும் என்னுடையதுதான்.

(ஒப்பம்) ஆர்வோ லெஹ்டினென்