நியாயமான காரணம்

நான் வரிக் கணக்குப் பார்ப்பவன், ஆனால் மார்கழி மாதத்தில் எனக்குக் கந்தோர் வேலை ஓடுவதில்லை. எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இருபத்தைந்து வருடமாக நான்தான் கீழ்க்குரல். நத்தார் கீத ஆராதனைக்கு ஐந்து கிழமை பயிற்சி. அந்த நாட்களில் வருகிற கடிதங்களை ஒரு தட்டில் போட்டுவைத்து, புதுவருடம் பிறந்த பிறகுதான் பார்ப்பேன்.

நீங்கள் நிரோஜாவின் கோப்பைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். தருகிறேன். அவருடைய தம்பி மயூரதன் உங்களைப் பிடித்து வழக்கைத் திரும்ப எடுப்பிக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். கோப்பில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சட்டத்தரணி, விளங்கிக்கொள்வீர்கள்.

நிரோஜா எங்கள் சபைப் பிள்ளை. கலியாண வீடுகளுக்குக் கேக் அடித்துக் கொடுப்பார். கணவன் றொஷான் சுவிசுக்குப் போய் அங்கே வேறொருத்தியோடு இருந்துவிட்டான். மாமியாரின் உரும்பிராய் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், மகள் ஜெசிதாவைக் கூட்டிக்கொண்டு நல்லூரில் வாடகைக்கு வந்தார். வரிப் படிவங்களை முன்பு பார்த்தவன் றொஷான். அவன் போனபின் மூன்று வருடம் ஒன்றும் அனுப்பவில்லை. அபராதக் கடிதம் வந்தது. வந்த அன்றே, கையில் ஒட்டிய மாவோடு ஸ்கூட்டியில் வந்து என்னிடம் தந்தார்.

பார்த்தவுடனேயே வெல்லலாம் என்று தெரிந்தது. அபராதம் போடுமுன் விளக்கம் கேட்கும் கடிதம் ஒன்று அவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். அது உரும்பிராய்க்குப் போய்க் கிடந்தது. வரி சரியா பிழையா என்று வாதாடவே தேவையில்லை. நடைமுறைக் குறை ஒன்றே போதும். முப்பது நாளுக்குள் மேன்முறையீடு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

"நீர் போய் உம்மடை அலுவலைப் பாரும் தங்கச்சி. இது என்ரை பொறுப்பு" என்றேன்.

அது கார்த்திகை மாதக் கடைசி, நவம்பர் இருபத்தேழு. கடிதத்தைத் தட்டில் போட்டேன். தை ஐந்தாம் திகதி எடுத்துப் பார்த்தபோது, தவணை முடிந்து ஒன்பது நாள்.

பிந்தினாலும் ஏற்றுக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. நாட்டில் இல்லாதிருந்தது, நோய், அல்லது வேறு நியாயமான காரணம். வரி பார்ப்பவர் கரோல் பாடப் போனது அதற்குள் அடங்காது. நிரோஜா நாட்டில்தான் இருந்தார். நோய் ஒன்றுதான் மிஞ்சியது. காய்ச்சல் அத்தனை நாள் நிற்காது. கால் முறிந்தது என்றால் எக்ஸ்ரே கேட்பார்கள். மனநோய்க்கு எக்ஸ்ரே இல்லை. குழுவில் என் பக்கத்தில் நின்று பாடும் டொக்டர் கொலின்ஸ் ஒரு கடிதம் தந்தார். கடும் மனச்சோர்வு, இடையிடையே தன்னிலை மறத்தல், தன்னையும் தன் பொறுப்பில் உள்ளவர்களையும் கவனிக்க இயலாமை. கடைசி வசனம் நான் சொல்லிக்கொடுத்தது. அது இல்லாவிட்டால் கடிதத்துக்குப் பலம் இருந்திராது.

நிரோஜாவிடம் அது ஒரு சின்ன மருத்துவக் கடிதம் என்றேன். போறணையில் கேக் வைத்துவிட்டு ஓடிவந்தவர், அதை இணைத்த மேன்முறையீட்டில் வாசிக்காமலே ஒப்பமிட்டார். நாலாம் மாதம் அபராதம் நீக்கப்பட்டது.

வியாபாரப் பதிவில் றொஷானின் பெயரும் இருந்தபடியால், முடிவின் பிரதி ஒன்று உரும்பிராய்க்கும் போயிற்று. மேன்முறையீடு ஏன் பிந்தியது என்பதும் அதில் இருந்தது. அடுத்த வருடம் றொஷான் பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்லி வழக்குப் போட்டான்.

என்னைச் சாட்சிக்கு அழைத்தது நிரோஜாவின் பக்கம்தான். அதற்கு முதல்நாள் வீட்டுக்கு வந்தார். கோபிக்கவில்லை, அழவும் இல்லை.

"அண்ணை, அது நீங்கள் பிந்தினதுக்காக எழுதின கடிதம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

ஓம் என்றேன். அவர் போன பிறகு நிதானமாக யோசித்தேன். உண்மையைச் சொன்னால் கொலின்ஸ் வைத்தியம் பார்க்க முடியாது. என்னை நம்பியிருக்கிற அத்தனை பேரின் கோப்புகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பொய்க் கடிதம் கொடுத்ததாக நிரோஜா மீதே வழக்கு வரலாம். பிள்ளை தகப்பனிடம்தானே போகிறது, அந்நியரிடம் அல்ல. எல்லாருக்கும் வரக்கூடிய சேதத்தில் குறைந்தது எதுவோ, அதைத் தெரிந்தெடுத்தேன்.

வேதாகமத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். அந்தக் காலத்தில் இந்த அம்மாவுக்கு உண்மையிலேயே சுகமில்லாமல் இருந்ததா என்று கேட்டார்கள்.

"ஓம். நானே கண்ணாலை கண்டனான்" என்றேன்.

அது பொய். அந்த மார்கழியில் அவர் பதினொரு கலியாணத்துக்குக் கேக் செய்தார். பிள்ளையை ஒரு நாளாவது பிந்திப் பள்ளிக்கு விட்டதில்லை. நிரோஜா அப்போது என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை றொஷானுக்கு என்று தீர்ப்பாயிற்று. ஜெசிதாவுக்கு அப்போது ஏழு வயது. சுவிசுக்கு அனுப்பக் கொழும்புக்குக் கொண்டுபோகும் வான் வண்டியில் ஏறமாட்டேன் என்று சப்பாத்து இரண்டையும் கழற்றி எறிந்ததாம். நான் அங்கே நிற்கவில்லை.

அதன் பிறகு நிரோஜா கேக் செய்வதை விட்டுவிட்டார். பள்ளி விடும் நேரத்துக்குத் தண்ணீர்ப் போத்தலோடு போய்ப் படலையடியில் நிற்பார். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு திரும்புவார். ஒரு நாள் வேறு யாரோ ஒருவரின் பிள்ளையைக் கையில் பிடித்து ஸ்கூட்டியில் ஏற்றப் பார்த்தார். மயூரதன்தான் கொண்டுபோய் மனநல விடுதியில் சேர்த்தான். இப்போது இரண்டு வருடம்.

ஞாயிறு ஆராதனை முடிய, முந்திரிப்பழம் வாங்கிக்கொண்டு நான் போவேன். ஒரு கிழமையும் தவறியதில்லை. போன ஞாயிறு தலைமுடியை வாரி இழுத்து, நல்ல தெளிவாக இருந்தார். என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, எனக்கு அப்ப ஒரு நோயும் வருத்தமும் இல்லை. உங்களுக்குத் தெரியும். கோட்டிலை சொல்லாட்டிலும் பரவாயில்லை. இஞ்சை, எனக்கு மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ."

அறையில் வேறு எவரும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நட்டமும் வந்திராது. அவர் கையைத் தடவிக்கொடுத்தபடி, வெளியே போன தாதியைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இவவுக்கு இண்டைக்கு மருந்து குடுத்தனியளோ?"

"குடுத்தாச்சு, ஐயா."

நிரோஜா மெதுவாகக் கையை விட்டார். அங்கே அவரை நல்ல கவனமாகத்தான் பார்க்கிறார்கள்.