எண்ணெய் கூடின விதை

எண்ணெய் ஆட்டுற மெஷினை முதல்ல நிறுத்து தம்பி, இந்தச் சத்தத்துல என்னால கத்த முடியாது. ஒண்ணும் வேண்டாம்ப்பா, தண்ணி போதும். உங்கண்ணன் தூங்குறார். உங்கக்கா பக்கத்துல இருக்கா. சொல்றேன், உக்காரு.

அண்ணி லேப்புக்கு விதை பொறுக்கப் போறாங்கன்னு வீட்ல கேலி பண்ணுவீங்கல்ல? பொறுக்குறது இல்லப்பா. விதைக்குள்ள கொழுப்பு உண்டாக்க ஏகப்பட்ட ஜீன் இருக்கு. எது என்ன வேலை பாக்குதுன்னு தெரியணும்னா ஒவ்வொண்ணா அணைச்சுப் பாக்கணும். புது வீட்ல எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்குன்னு தட்டித் தட்டிப் பாப்போமே, அந்தக் கதைதான். விதையில ஒரு ஓரமா சீவி, என்ன கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு சொல்ற மெஷின்ல குடுப்போம், மிச்சத்தை நட்டுடுவோம். அட, சீவினாலும் முளைக்கும்ப்பா.

அப்படி ஒரு ஜீனை அணைச்சோம், எண்ணெய் ஒண்ணுக்கு ஒண்ணரையா வந்துச்சு. எனக்குத் தலைகால் புரியல. அன்னைக்குச் சாப்பிடறப்போ பீத்தித் தள்ளிட்டேன். நீகூட தட்டுல வச்ச கையை எடுக்காம கேட்டுக்கிட்டிருந்தே. அடுத்த வாரமே லேப்பைப் பாக்கணும்னு என் கூட வந்தே.

அதுக்கப்புறம் நடந்ததை வீட்ல சொல்லலை. எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க. சனியனுங்க ஆசையாத்தான் தின்னுச்சு. அறுத்துப் பாத்தா நெஞ்சு முழுக்கக் கொழுப்பு அப்பிக் கெடக்கு. வேற ஒரு கெட்ட கொழுப்பு தலைதூக்காம அந்த ஜீன்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. நாங்க காவக்காரனையே வெளிய அனுப்பிட்டோம். இதுல கொடுமை என்னன்னா, நிறம், வாசம், ருசி, எதுலயும் வித்தியாசம் தெரியாது.

சிரிக்காதே தம்பி. மொத்த விதையையும் எரிக்கச் சொல்லிட்டாங்க. அள்ளிப் பாத்தா ஒரு பை குறையுது. எடுத்தது யாருன்னு இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க. எலி தின்னிருக்குமா? அந்த ரூமுக்குள்ள ஈ கூட நுழைய முடியாது. என் கூட வந்தவங்கதான் நுழைஞ்சிருக்க முடியும். உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

உங்கண்ணனா? நேத்து மாடி ஏறினவர் பாதிப் படியிலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. நம்ம நிலத்துல வெளைஞ்சது அண்ணின்னு நீ ஆசையா அனுப்பினியே, அந்த எண்ணெயிலதான் இத்தனை நாளும் சமைச்சுப் போட்டேன். காலையில லேப்புக்கு எடுத்துட்டுப் போய் மெஷின்ல குடுத்தேன். அதே கெட்ட கொழுப்புதான்.

என் காலை விடு, எழுந்திரு. திருட்டைப் பத்திப் பேச நான் வரலை. நீ வித்த எண்ணெய் யார் யார் வீட்டுக்குப் போச்சு, அதை மட்டும் சொல்லு. இரு... உள்ள உன் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு என்னமோ பொரிக்கிற சத்தம் கேக்குது. முதல்ல ஓடிப் போய்ச் சட்டியை இறக்கச் சொல்லுப்பா.