ஏற வேண்டியவர் யார்?

பஞ்சைத் திரித்து நூலாக்கும் பட்டணத்திலே, நூல்களைத் திரித்துப் பாடமாக்கும் எங்களையும் நம்பிக் கூட்டி வைத்து, அந்த நம்பிக்கைக்காக இனிமேல்தான் வருந்தப்போகிற தலைவர் வேதசிரோமணி ஐயா அவர்களே! சஞ்சீவி மலைபோல் அசையாது அமர்ந்திருக்கும் இராஜபாளையத்துப் பெரியோர்களே! கோபுர நிழலை விட்டுக் கொளுத்தும் வெயிலில் வந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சான்றோர்களே! ஆலையிலே நாளெல்லாம் நின்ற கால்களோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கல்லூரிகளிலிருந்து வந்து என்னோடு இந்த முகாமிலே கற்றும் கதறியும் களைத்த சக ஆசிரியர்களே! உங்கள் அனைவருக்கும், கட்டுப் போட்ட ஒரு முழங்காலோடு என் வணக்கம்.

முன்வரிசையில் ஒருவர், 'கால்ல என்ன?' என்று கேட்கிறார். பொறுங்கள் ஐயா, அந்தக் கால்தான் இன்றைய தலைப்பு.

என் பெயர் ஞானரத்தினம். பெயர் வைத்தவர்கள் நல்லவர்கள். முன்யோசனை மட்டும் இல்லாதவர்கள். கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் கற்பிக்கிறேன். கற்பிக்கிறேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். மாணவர்கள் இதுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அறிவு என்பது என்ன? அது எங்கிருந்து எங்கே போகிறது? கற்பது யார் செய்கிற வேலை? கல்லூரி ஆசிரியர்களாகிய நாங்கள் இதை யோசிப்பதே இல்லை. நேரம் ஏது? பேசிக்கொண்டல்லவா இருக்கிறோம்! அதனால்தான் தலைவர் இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்களைக் கூட்டி ஒரு நிபந்தனை போட்டார். "யாரும் கட்டுரை வாசிக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாத ஒன்றைச் சக ஆசிரியரிடம் கற்க வேண்டும். கற்கும்போது, அறிவைப் பற்றித் தம் மனத்தில் என்ன நம்பிக்கை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். கட்டுரை வேண்டாம் என்றதும் பாதிப் பேருக்கு முகம் தொங்கிவிட்டது.

எனக்கு வாய்த்த வித்தை சைக்கிள். வாய்த்த குரு, ரசாயனம் கற்பிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ராபர்ட். அதோ, சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயை மூடியிருக்கிறாரே, அவர்தான்.

"அண்ணாச்சி, ஏறுங்க" என்றார்.

"விளக்கம் சொல்லாமல் எப்படித் தம்பி ஏறுவது?" என்றேன்.

"வெளக்கமா? சைக்கிளுக்கா?"

விடவில்லை நான். பாவம், கைப்பிடி, பெடல், பிரேக் என்று அனைத்தையும் விளக்கினார். மனப்பாடம் செய்தேன், ஒப்பித்தேன், ஓரெழுத்தும் பிசகவில்லை. பரீட்சையாக இருந்தால் முதல் வகுப்பு! அந்த முதல் வகுப்போடு ஏறினேன், சாலையின் ஓரத்திலே சரிந்தேன். வேட்டைக்குப் பேர்போன உங்கள் ஊர் நாய் ஒன்று என்னைத் துரத்த ஆசையோடு எழுந்தது. அதற்குள் நான் விழுந்துவிட்டதைக் கண்டு, ஏமாந்து, மறுபடி படுத்துக்கொண்டது.

சிரியுங்கள், தாய்மார்களே, தாராளமாகச் சிரியுங்கள்! நாய்க்குச் சிரிக்கத் தெரிந்திருந்தால் அதுவும் சிரித்திருக்கும்.

ஆனால் ராபர்ட் சிரிக்கவில்லை, 'விளங்கியதா?' என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், விழுந்து கிடந்தபடியே 'விளங்கியது' என்று சொல்லியிருப்பேன். என் வகுப்பில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்! அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்தப் பக்கம் சாயுது அண்ணாச்சி?" விழுந்தபோதெல்லாம் அதையே கேட்டார்.

நேற்று, முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செட்டியார்பட்டித் தங்கபாய் அம்மாள் வந்தார். இங்கே ஆலையில் நூல் சுற்றுகிறவர். அவர் மகன் சௌந்தரபாண்டியன் என் மாணவன். "ஒங்க பேரைச் சபையில சொல்லலாமா?" என்று கேட்டேன். "சொல்லுங்க ஐயா, சத்தமாச் சொல்லுங்க" என்று உத்தரவு கொடுத்திருக்கிறார். ஆகவே சத்தமாகச் சொல்கிறேன்.

"ஐயா, எம் மவன் மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு பிரின்ஸ்பால்கிட்ட சொன்னியளாம். பரிச்சைக்கு அனுப்ப மாட்டாவளாமே? மில்லுக்கு வாரதுக்கு அவன் எதுக்கு அம்புட்டுத் தூரம் படிக்கப் போனான்?"

நான் முழங்கால் துணியை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அந்த அம்மாளே இரக்கப்பட்டு, "முழங்கால்ல என்ன?" என்றார்.

"சைக்கிள் படிக்கிறேன்."

"படிச்சிட்டியளா?"

"இன்னும் பிடிபடவில்லை அம்மா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. எனக்கு வராவிட்டால் 'பிடிபடவில்லை'. அவர் மகனுக்கு வராவிட்டால் 'மண்டையில் ஏறாது'! நான் என்றால் இன்னும் கொஞ்சம் நாள். அவன் என்றால் அத்தோடு முடிந்தது! என்ன தர்க்கம் ஐயா இது? இதைத்தானே நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்பிக்கிறேன்! வெட்கமாக இருந்தது.

"அவனுக்கும் செத்த நேரம் குடுங்களேன் ஐயா" என்றார் அந்த அம்மாள்.

ஏறாது ஏறாது என்கிறோமே, எது ஏறாது? பாடம் என்ன பஞ்சுப் பொதியா? மாணவன் தலை என்ன மாட்டு வண்டியா? ஏற வேண்டியது பாடமா? இல்லை, இல்லை, ஏற வேண்டியவன் மாணவன் அல்லவா! அவன் ஏறுவான், சாய்வான், விழுவான், எழுவான். பிடிபடும் வரைக்கும் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டியவன் ஆசிரியன் அல்லவா! நான் ஓடினேனா? மேசைக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

கல்லூரி திறந்ததும் முதல்வரிடம் போய் என் சொல்லைத் திரும்பப் பெறுவேன். 'இவனைப் பரீட்சைக்கு அனுப்புங்கள், மார்ச் மாதம் வரை நான் கூட ஓடுகிறேன்' என்பேன். கேட்பாரா? தெரியாது. அனுப்பினால் பையன் தேறுவானா? அதுவும் தெரியாது. தெரியாது என்று நான் மேடையில் சொல்வது இதுதான் முதல் தடவை. தலைவர் கவனிக்க வேண்டும். ஆனால் அவனிடம் நான் முதலில் கேட்கப்போவது எது என்று தெரியும். 'தம்பி, எந்தப் பக்கம் சாய்கிறது?'

பின்வரிசையில், 'இன்னும் எம்புட்டு நேரம்?' என்கிறார்கள். இதோ ஆயிற்று. விழ வைத்த தலைவருக்கும், தூக்கிவிட்ட ராபர்ட்டுக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட தங்கபாய் அம்மாளுக்கும், கொட்டாவியைக் கைகளால் மறைத்துக் கண்ணியம் காத்த உங்களுக்கும் என் நன்றி.

தங்கியிருக்கும் வீட்டுக்கு நான் சைக்கிளில்தான் போகிறேன். ஏறுவது பிடிபட்டுவிட்டது, ஓட்டுவதும் பிடிபட்டுவிட்டது, நிறுத்துவதுதான் இன்னும் பிடிபடவில்லை, பேச்சிலும் அப்படியே. ஆகவே வாசலிலே வழிவிட்டு வாழ்த்துங்கள். ராபர்ட் தம்பி, நீங்கள் மட்டும் பின்னால் ஓடி வாருங்கள்.

எல்லோருக்கும் வணக்கம்!