வாசலில் ஐந்து நிமிடம்

பெரியவள்: ...அப்போ கூடம் இவ்வளவுதானா?

சின்னவள்: இவ்வளவுதான்க்கா. போட்டோவுல பெருசாத் தெரியும். மூலையில ஒட்டிக்கிட்டு நின்னு எடுப்போம். எங்க தொழில்ல அது சகஜம்.

பெரியவள்: பரவாயில்லையே. மத்தவங்களுக்கு வீடு காட்டும்போது இதெல்லாம் சொல்ல மாட்டியே.

சின்னவள்: மத்தவங்க என் ஓரகத்தியா? நாளைக்கு ஒரு குறைன்னா என் தலைதானே உருளும். "சின்ன மருமக வீட்டு புரோக்கரா இருந்தும் பெரிய மருமகளை இப்படிக் குழியில தள்ளிட்டாளே"ன்னு அத்தை ஆரம்பிப்பாங்க.

பெரியவள்: அத்தை? உன்னைச் சொல்லுவாங்களா? நல்லா இருக்கு கதை. "சின்னவளுக்கு நாலு பேரைத் தெரியும், சின்னவ வாயைத் திறந்தா வீடு விக்குது..." காலையில காபியோட எனக்கு இதுதான் கிடைக்குது.

சின்னவள்: ஆரம்பிச்சிட்டீங்களா...

பெரியவள்: இல்லம்மா, முடிச்சிட்டேன். சமையல்கட்டைக் காட்டு.

சின்னவள்: இதுதான். ஒரே இருட்டு.

பெரியவள்: இருட்டா? ஜன்னல் இம்மாம்பெருசு இருக்கு!

சின்னவள்: இருந்து என்ன பண்ண? சாயங்காலம் நாலு மணியானா வெயில் நேரா மேடை மேல வந்து விழும். கண்ணு கூசும்.

பெரியவள்: இருட்டுங்கறே, கூசுதுங்கறே... ஏதாவது ஒண்ணைச் சொல்லு.

சின்னவள்: காலையில இருட்டு. நாலு மணிக்குக் கூசும்.

பெரியவள்: நாலு மணிக்கு நீ இங்க நின்னு பார்த்தியா?

சின்னவள்: அனுபவம்க்கா. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்தாலே சொல்லிடுவோம்.

பெரியவள்: பதினாறு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். நம்ம சமையல்கட்டுல வெயில் எத்தனை மணிக்கு விழும், சொல்லு பார்ப்போம்.

சின்னவள்: அது... அது உங்க சமையல்கட்டு. எனக்கு எப்படித் தெரியும்?

பெரியவள்: ம்ம். பின்பக்கம் போலாமா?

சின்னவள்: பின்பக்கம் ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு தொட்டிச் செடி, ஒரு தண்ணித் தொட்டி. அதுகூட சரியா நிரம்பாது. இந்தப் பக்கம் தண்ணிக் கஷ்டம் ஜாஸ்தி.

பெரியவள்: பரவாயில்ல, வந்ததுக்குப் பார்த்துட்டுப் போலாம். ஐயோ...! என்ன இது, படி இப்படி உடைஞ்சு கிடக்கு? விழப் பார்த்தேன்.

சின்னவள்: பார்த்து, பார்த்து! நான் அப்பவே சொன்னேனே, பழைய வீடு.

பெரியவள்: நீ அதைப் பார்க்கவே இல்லையே. என் மூஞ்சியைப் பார்த்துப் பேசிக்கிட்டே ஒரு காலைத் தூக்கி அழகாத் தாண்டிட்டே.

சின்னவள்: தினம் பத்து வீடு ஏறி இறங்குற கால்க்கா இது. தானாத் தெரியும்.

பெரியவள்: காலுக்குக் கண்ணு முளைச்சிருக்கு. சரி, இந்த ரோஜா யாரு வச்சது?

சின்னவள்: வீட்டுக்காரர் வச்சிருப்பாரு.

பெரியவள்: அவரு மக வீட்டோட போயி எட்டு மாசம் ஆச்சுன்னு நீதானே சொன்னே? பூட்டிக் கிடக்கிற வீட்டுல செடி இப்படித் தளதளன்னு இருக்கு?

சின்னவள்: மழை பெஞ்சிருக்கும்.

பெரியவள்: எங்க? நம்ம வீட்டுக் கொடியில ஒரு மாசமா துணி ஒரு சொட்டு நனையல. மழைக்கு இந்தத் தொட்டி மேல மட்டும் அவ்வளவு பாசமா?

சின்னவள்: அக்கா, செடியையா வாங்கப் போறீங்க? வீட்டைப் பாருங்க. சுவரைப் பாருங்க, ஓதம் ஏறியிருக்கு. அதெல்லாம்கூட விடுங்க... நான் சொல்ல வேண்டாம்னு நினைச்சேன். இந்தத் தெருவே சரியில்லை.

பெரியவள்: அப்படியா?

சின்னவள்: முட்டுத் தெரு. ஆளு நடமாட்டமே கிடையாது. விளக்கு ஒண்ணு எரிஞ்சா ஒண்ணு எரியாது. போன வருஷம் நாலாவது வீட்டுல திருட்டு. மிக்சியைக்கூட விட்டு வைக்கலையாம்.

பெரியவள்: அடப்பாவமே. அக்கம்பக்கம் யாரும் பார்க்கலையா?

சின்னவள்: யாரு பார்ப்பாங்க? அவங்க அவங்க கதவைச் சாத்திக்கிட்டு டிவி முன்னாடி உட்காருற ஜனம். ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. நீங்க பேச்சுத் துணை இல்லாம இருக்க மாட்டீங்க. இங்க வந்தா பைத்தியம் பிடிச்சிடும்.

பெரியவள்: எம்மேல உனக்கு எவ்வளவு அக்கறை... மனசு நிறைஞ்சு போச்சு.

சின்னவள்: கிண்டல் பண்ணாதீங்க. ஆமா, கேக்கணும்னு இருந்தேன். இந்த வீடு விலைக்கு வருதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?

பெரியவள்: யாரோ சொன்னாங்க. ஏன், சொல்லக் கூடாதா? வாசல்ல ஒரு போர்டுகூடக் காணோமே.

சின்னவள்: காத்துல விழுந்திருக்கும்.

பெரியவள்: விழுந்து, எழுந்து, நடந்துபோயி, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி படுத்துக்கிச்சாக்கும். அதோ பாரு, "விற்பனைக்கு"ன்னு மூலை தெரியுது.

சின்னவள்: ...வீட்டுக்காரர் எடுத்து வச்சிருப்பாரு.

பெரியவள்: மக வீட்டுலேருந்து வந்து?

சின்னவள்: இப்போ என்னக்கா உங்களுக்கு? சாப்பாட்டு நேரத்துல எல்லாரையும் வச்சுக்கிட்டுக் கேட்டீங்க. அத்தானும் "போய்ப் பார்த்துட்டு வாங்களேன்"னுட்டாரு. மாட்டேன்னு சொல்ல முடியுமா? காட்டிட்டேன். பிடிக்கலைன்னு சொல்லிட்டு வாங்க, போலாம். இதைவிட நல்லதா நான் பத்து காட்டறேன்.

பெரியவள்: போலாம். ஆனா ஒண்ணு பாக்கி இருக்கு. உன்னோட அஞ்சு நிமிஷச் சோதனை.

சின்னவள்: எது?

பெரியவள்: தெரியாத மாதிரி! கல்யாண வீடு, காது குத்துற வீடுன்னு எங்க போனாலும் அதைத்தானே பெருமையாச் சொல்லுவே? "பூட்டின வீட்டு வாசல்ல சாவிக்கொத்தோட அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க. யாராவது வந்து 'யாரு வேணும்'னு கேட்டா அது துணிஞ்சு குடிபோக வேண்டிய தெரு. யாருமே கேக்கலைன்னா, திருடன் வந்தாலும் கேக்க மாட்டாங்க." எனக்கு மனப்பாடம்.

சின்னவள்: அதெல்லாம் வாங்குறவங்களுக்காகச் சும்மா சொல்றது...

பெரியவள்: நானும் வாங்குறவதான். வா, வாசலுக்கு.

சின்னவள்: அக்கா, வெயிலு கொளுத்துது. உங்களுக்குத் தலைவலி வரும்.

பெரியவள்: வரட்டும். கேட்டைப் பூட்டு. சாவியைக் கையில தெரியுற மாதிரிப் பிடி. நீ ஏன் தூணுக்குப் பின்னாடி போறே?

சின்னவள்: நிழலுக்குக்கா.

பெரியவள்: சரி, ஒரு நிமிஷம் ஆச்சு.

சின்னவள்: பார்த்தீங்களா? ஈ, காக்கா இல்லை.

பெரியவள்: இரேன். அஞ்சுன்னா அஞ்சு. எதிர்வீட்டு ஜன்னல்ல திரை அசைஞ்சுதே?

சின்னவள்: காத்து.

பெரியவள்: உனக்கு மட்டும் காத்தும் மழையும் கூலியில்லாம வேலை பார்க்குது. ரெண்டு நிமிஷம்.

சின்னவள்: போதும்க்கா. நான் தோத்துட்டேன். தெரு தோத்துடுச்சு. வாங்க...

எதிர்வீட்டு வாத்தியார்: யாரும்மா அது? யாரு வேணும்?

பெரியவள்: மூணே நிமிஷம்! வணக்கம் சார். வீடு பார்க்க வந்தோம்.

எதிர்வீட்டு வாத்தியார்: வீடா? அது வித்துப் போச்சேம்மா. நான் எதிர்வீடுதான். வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தத் தெருவுல யாரு வந்தாலும் கேட்டுடுவேன், தப்பா நினைக்காதீங்க. பாவம், வெயில்ல வந்திருக்கீங்க... அட! தூணுக்குப் பின்னாடி யாரு? நம்ம வீட்டுக்காரம்மா!

சின்னவள்: சார், நான் அப்புறமா வந்து...

எதிர்வீட்டு வாத்தியார்: இன்னிக்கு வியாழக்கிழமை இல்லையே? கிழமையை மாத்திட்டீங்களா? போன வியாழன் காய்ச்சல்னு நீங்க வரலை, என் வீட்டம்மா துடிச்சுப் போயிட்டா. நாங்கதான் குழாயை இழுத்துக்கிட்டு வந்து மதில் மேலேருந்து ரோஜாவுக்குத் தண்ணி விட்டோம். இவங்க?

பெரியவள்: ஓரகத்தி, சார். மூத்தவ.

எதிர்வீட்டு வாத்தியார்: நல்லது, நல்லது. அக்காவுக்கு வீட்டைக் காட்டக் கூட்டிட்டு வந்தீங்களாக்கும். ரொம்பப் பாசமான பொண்ணும்மா இவங்க. குடி வர்றதுக்கு முன்னாடியே தெருவுல ஒருத்தியாயிட்டாங்க. தெருக் குரூப்புல நம்பரைச் சேர்த்தாச்சு. தெருவிளக்கு எரியலைன்னு இவங்கதான் போன் போட்டுப் போட்டு மாத்த வச்சாங்க. இப்போ ஊசி விழுந்தாலும் எடுக்கலாம்.

பெரியவள்: திருட்டு பயமெல்லாம் எப்படி சார்?

எதிர்வீட்டு வாத்தியார்: திருட்டா? இருபது வருஷத்துல என் செருப்பு ஒண்ணுதான் காணாமப் போச்சு. அதையும் நாய் திருப்பிக் கொண்டாந்து போட்டுடுச்சு. சரிம்மா, மோர் கொடுத்து அனுப்பறேன், குடிச்சிட்டுத்தான் போகணும்.

சின்னவள்: அவரு உள்ள போயிட்டாரு. வாங்கக்கா, நாம கிளம்பிடலாம்.

பெரியவள்: வீட்டுக்காரம்மா.

சின்னவள்: அக்கா...

பெரியவள்: சொல்லுங்க வீட்டுக்காரம்மா. முட்டுத் தெரு. மூஞ்சி தெரியாத ஜனம். மிக்சித் திருடன். இன்னும் வேற யாராவது இருக்காங்களா?

சின்னவள்: ஒருநாள் சோதனைக்காக நின்னேன். அவரு வந்து யாருன்னு கேட்டாரு. புரோக்கருன்னு சொல்ல வாய் வரலை. "நாங்கதான் வாங்குறோம்"னு வந்துடுச்சு. அந்த நிமிஷம் நெஞ்சுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா? பேங்க்ல கடனுக்கு எழுதிப் போட்டிருக்கேன். உங்க கொழுந்தனுக்குக்கூட இன்னும் சொல்லல. இன்னும் மூணே வாரத்துல கடன் வந்துடும்... அதுக்குள்ள யாரும் பார்த்துடக் கூடாதுன்னு போர்டைக் கழட்டினேன். வந்தவங்களை எல்லாம் இல்லாததும் பொல்லாததும் சொல்லித் திருப்பி அனுப்பினேன். தப்புதான். தொழிலுக்கே துரோகம்தான்.

பெரியவள்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

சின்னவள்: எதைக்கா உங்ககிட்ட சொல்லாம இருந்தேன்? மாடி ரூம்ல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கீழ வந்து கேக்கணும். கூடம் உங்களது, சமையல்கட்டு உங்களது. பருப்பு டப்பா மேல ஒட்டியிருக்கிற பேருகூட உங்க கையெழுத்து. அந்த வீட்டுல என் கையெழுத்து எங்க இருக்கு? ஊருக்கெல்லாம் சாவி எடுத்துக் கொடுக்கிறேன். கொடுத்துட்டு, சிரிச்சிட்டு, வெளிய வந்து செருப்பை மாட்டுறேன். ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்க்கா. உங்களைப் பார்த்தா இன்னும் எரியும். நீங்க எங்க நின்னாலும் அது உங்க இடமாயிடுது.

பெரியவள்: உனக்கு மட்டும்தான் வயிறு இருக்கா? காலையில பையை மாட்டிக்கிட்டு இறங்குவே. மாடிப்படியில உன் சாவிக்கொத்து சத்தம் போடும். அது தெருமுனை தாண்டுற வரைக்கும் அடுப்பை அணைச்சிட்டுக் கேட்டுக்கிட்டு நிப்பேன். எனக்குன்னு இருக்கிறது ஒரே சாவி. அதுவும் எண்ணெய் வைக்கிற அலமாரிச் சாவி.

சின்னவள்: அப்போ உங்களுக்கே புரியுதில்ல? அத்தான்கிட்ட பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

பெரியவள்: முடியாது.

சின்னவள்: ஏன்க்கா?

பெரியவள்: நேத்தே அட்வான்ஸ் கொடுத்தாச்சு. வீட்டுக்காரருக்கே போன் பண்ணிப் போய்ப் பார்த்தோம். "எட்டு மாசமா புரோக்கரம்மா ஒருத்தரைக்கூடக் கொண்டாரலையே, வீட்டுல ஏதாவது கோளாறா"ன்னு அவரே பயந்து போயிருந்தாரு. உடனே சரின்னுட்டாரு.

சின்னவள்: நேத்தா...? அப்போ நேத்து ராத்திரி சாப்பிடும்போது கேட்டது? இன்னிக்கு என்கூட வந்தது?

பெரியவள்: நீ எவ்வளவு தூரம் கதை விடுறேன்னு பார்க்கத்தான்.

சின்னவள்: அவரு நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? நான்தான் போர்டை...

பெரியவள்: நீ கழட்டுறதுக்கு முன்னாடியே வந்து, போர்டுல இருந்த நம்பரைக் குறிச்சுக்கிட்டேன். வியாழக்கிழமையானா, "டப்பாவுல ரெண்டு கரண்டி சேர்த்துப் போடுங்கக்கா"ன்னு கேப்பே. யாருக்குடா அந்த ரெண்டு கரண்டின்னு ஒருநாள் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு உன் பின்னாடியே வந்தேன்.

சின்னவள்: வந்து? சாவி எங்கிட்ட இருந்துச்சே. இன்னிக்குத்தானே முதல்தடவையா உள்ள வந்தீங்க? கூடம் எத்தனை அடின்னு தெரியாது, சமையல்கட்டு எந்தப் பக்கம்னு தெரியாது... எதைப் பார்த்துக்கா இந்த வீட்டை வாங்கினீங்க?

பெரியவள்: கேட்டு இடுக்குல பார்த்தேன். வீட்டோரச் சந்து வழியா பின்பக்கத்து உடைஞ்ச படி தெரிஞ்சுது. அதுல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, நான் கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்து, தனியா உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தே. ஒரு வாய் சாப்பிடுறே, ரோஜாவைப் பார்த்துச் சிரிக்கிறே. பதினாறு வருஷம் என் கையால சோறு போட்டிருக்கேன், ஒருநாள் நீ அப்படிச் சிரிச்சதில்லை. அந்தச் சிரிப்பு எனக்கும் வேணும்னு தோணிச்சு. வீட்டை யாருடி பார்த்தா? உன் மூஞ்சியைத்தான் பார்த்தேன்.