எட்டு நாள் சுமந்தவள்

"படு! படுங்க எல்லாரும்!"

விழுகிறோம். முகம் மண்ணில். என் மகள் கிரேஸ் என் வயிற்றுக்கு அடியில். மூன்று வயது. அழவில்லை. முதலில் தூரத்து விமான இரைச்சல். பிறகு தலைக்கு மேல். டக டக டக. நான்கு முறை. பிறகு சத்தம் மலைக்கு அப்பால் போகிறது. யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். இரண்டு தடவை கேட்ட குரல் மூன்றாம் தடவை கேட்கவில்லை.

1942, பிப்ரவரி. பிற்பகல் இரண்டு மணி இருக்கும். பர்மாவில் புரோமிலிருந்து கடற்கரைக்குப் போகும் மலைப்பாதை. ரங்கூனை விட்டு ஓடி வருகிறோம். எங்கள் சபையார் பதினொரு பேர். நானும் கிரேஸும் அதில் சேர்த்தி. என் கணவர் சாமுவேல் இல்லை. டிசம்பர் 23 காலை துறைமுக ஆபீசுக்குப் போனார். அன்றைக்குத்தான் முதல் குண்டு விழுந்தது. வீடு திரும்பவில்லை.

எழுந்திருக்கப் பார்க்கிறேன். இடது கால் நிற்கவில்லை. கணுக்கால் திருகிக்கொண்டது. எங்களவர்கள் சுற்றி நின்றார்கள். தையல்காரர் அருளப்பன் தலையில் தையல் மெஷின் இருந்தது. அவர் மனைவி எஸ்தர் கையில் அரிசிப் பை. பெரியவர் ஒருவர் ஜெபம் செய்தார். நன்றாகவே செய்தார்.

"தண்ணி இருக்கிற எடத்துக்குப் போயி ஆள் அனுப்புறோம்மா" என்றார்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். போனார்கள். ஆள் வரவில்லை.

வெயில் சாய்கிறது. எத்தனையோ பேர் என்னைத் தாண்டிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முந்தின நாள் நானும் பலரைத் தாண்டித்தான் வந்தேன். அப்போது ஒருத்தி நின்றாள். நாற்பது வயது இருக்கும். அரிசி மில் கூலி. முதுகில் மூட்டை. என் காலைப் பார்த்தாள். கிரேஸைப் பார்த்தாள். மூட்டையை இறக்கிப் பிரித்தாள். ஒரு போர்வை, இரண்டு பாத்திரம், ஒரு பித்தளைக் குடம். அரிசியையும் தகரக் குவளையையும் மட்டும் மடியில் கட்டிக்கொண்டாள். மற்றதைப் பாதையோரம் வைத்தாள்.

"புள்ளையக் குடு தாயி. நீ என் தோளப் புடிச்சுக்க."

அவள்தான் காத்தாயி.

எட்டு நாள். பிள்ளை அவள் முதுகில். நான் அவள் தோளில். ஏற்றத்தில் என்னை உட்கார வைத்துவிட்டுப் பிள்ளையை மேலே கொண்டுபோய் விடுவாள். திரும்பி இறங்கி வருவாள். பிறகு என்னை ஏற்றுவாள். ஒவ்வொரு மலையையும் அவள் மூன்று முறை நடந்தாள். காலில் செருப்பு கிடையாது. நான்காம் நாள் வலது உள்ளங்கால் பிளந்தது. துணியால் கட்டினாள். ஐந்தாம் நாள் துணி நனைந்து சிவந்தது. ஏன் எங்களைத் தூக்கினாய் என்று கேட்டேன்.

"நீ ஒக்காந்திருந்த. வேற என்ன பண்றது?" என்றாள்.

பிறகு படகு. கப்பல். ரயில்கள். அவள் ஊர் பெங்களூரை அடுத்த அத்திபெலே பக்கம். அதனால் பெங்களூர் வரை ஒன்றாக வந்தோம். ஏப்ரல் மாதம் தண்டு என்கிற கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் இறங்கினோம். அதற்குள் என் கால் சரியாகிவிட்டது. அவள் கால் கறுத்துவிட்டது.

இனி எழுதுவதை எங்கள் சபையார் விரும்ப மாட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் நன்றி ஆராதனையில் என்னை எழுந்து ஐந்து நிமிஷம் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். மலையைச் சொல்லலாம். விமானத்தைச் சொல்லலாம். தேவ கிருபையைச் சொல்லலாம். பெங்களூர் வந்ததும் முடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணன் தேவசகாயம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். சபைக் கமிட்டியின் காரியதரிசி. என்னைப் பார்த்து அழுதார். உண்மையான அழுகை. கிரேஸைத் தூக்கப் போனார். அவள் காத்தாயியின் கழுத்தை விடவில்லை. அண்ணன் அப்போதுதான் அவள் காலைப் பார்த்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடினார்.

அப்போது பெங்களூரில் இடம் கிடையாது. எங்கு பார்த்தாலும் பட்டாளம். மதராஸிலும் குண்டு விழும் என்று பயந்து அங்கிருந்தும் ஜனம் வந்து குவிந்திருந்தது. அண்ணன் வீடு பிளாக்பள்ளியில். இன்று சிவாஜிநகர் என்கிறார்கள். ஒன்றரை அறை. நான்கு பிள்ளைகள். அங்கே நானும் கிரேஸுமே அதிகம். அதைப் புரிந்துகொள்கிறேன். புரியாதது சபை ஹால்.

ஹாலைப் பர்மா அகதிகளுக்கென்று திறந்திருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து நேராக ஜட்காவில் அங்கே போனோம். ஒன்பது கட்டில் காலி. நானே எண்ணினேன். அண்ணன் வாசலிலேயே நிறுத்தினார்.

"சௌந்தரம், இது நம்ம சபைக் குடும்பங்களுக்குன்னு கமிட்டி தீர்மானம் போட்டிருக்கு."

"இவ இல்லைன்னா உங்க சபைக் குடும்பத்துல ரெண்டு பேர் இல்லைண்ணா."

"எனக்குத் தெரியாதாம்மா? ஆனா அந்தக் காலைப் பாரு. உள்ளே குழந்தைங்க இருக்கு. ஒருத்தருக்கு ஒட்டிக்கிச்சுன்னா ஹாலையே மூடச் சொல்லிடுவாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடும். நான் பேசறேன்."

அன்று திங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாவில் நான்கு மணி நேரம். காயத்தைக் கழுவிக் கட்டினார்கள். கட்டில் எல்லாம் சிப்பாய்களுக்கு, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். எங்கிருந்து நாளைக்கு வருவது என்று கேட்டேன். நர்ஸ் அடுத்த ஆளின் கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள். அவள் கண்ணும் தூங்கிப் பல நாள் ஆனது போலிருந்தது.

மறுபடி ஹால். மாலை ஐந்து மணி. காத்தாயி ஜட்காவில் படுத்திருக்கிறாள். காய்ச்சலில் பல் தந்தியடிக்கிறது. நான் வாசலில் நின்று கத்துகிறேன். ரங்கூனில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குரலால் அல்ல. சந்தைக் குரலால். எனக்கே அது யார் என்று தெரியவில்லை.

"வாரா வாரம் இங்கே என்ன பிரசங்கம் பண்றாங்க? ஒருத்தர் சுமையை ஒருத்தர் தூக்கணும்னுதானே? தீர்மானம் போட்டா தூக்கறீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வண்டிக்காரர் மட்டும் பேசினார்.

"சும்மா இருங்கம்மா. பீமார் ஆளு, காய்ச்சல்ல கெடக்குது, பயந்துக்கும்."

அப்போதுதான் கவனித்தேன். ஹாலுக்குள் தையல் மெஷின் சத்தம். நான் கத்தத் தொடங்கியபோதும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நின்றுவிட்டது. அருளப்பன் வெளியே வந்தார். எங்களுக்கு முன்னால் ஊர் சேர்ந்திருக்கிறார். அகதிகளுக்குத் துணி தைக்கக் கமிட்டி அவரை உட்கார வைத்திருந்தது. பாதி ஆளாக இளைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. காத்தாயியைப் பார்த்தார். உள்ளே போனார். ஒரு கயிற்றுக் கட்டிலை இழுத்து வந்தார்.

"அருளப்பன், அது ஹால் கட்டில்" என்றார் அண்ணன்.

"கொண்டாந்து குடுத்துடறேன் சார்."

நீலசந்திராவில் அவர் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார். ஜட்கா குலுங்கும்போதெல்லாம் காத்தாயி அலறினாள். அதனால் கட்டிலில் கிடத்தித் தூக்கிப் போனோம். முன்பக்கம் அவரும் வண்டிக்காரரும். வண்டியைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு அந்த மனிதரும் வந்தார். பின்பக்கம் நான். வழியில் ஒரு சலவைக்காரர் என் பக்கத்துக் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டார். கிரேஸ் எங்கள் கூடவே நடந்தாள்.

பாதி வழியில் கட்டிலை இறக்கினோம். அருளப்பன் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"எஸ்தர் போயிட்டா அக்கா. உங்கள விட்டுட்டு வந்த மூணாம் நாளு. காலரா. அவளக்கூட நான் தூக்கல. மெஷினத்தான் தூக்கினேன். அது இருந்தா பொழச்சுக்கலாம்னு அவதான் சொன்னா."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். எனக்கு வரவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. "தூக்குங்க, இருட்டப் போகுது" என்றேன். கிறிஸ்தவளுக்கு அது அழகல்ல. தெரியும். இப்போதும் அந்த இடத்தைக் கடந்தால் என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

வீட்டுக்காரி அந்தோணியம்மா ஒரு கத்தோலிக்க விதவை. பட்டாளத்துச் சமையல்கூடத்தில் பாத்திரம் தேய்ப்பவள். வாசலில் நான் முழுக் கதையையும் சொல்லத் தொடங்கினேன். இந்தக் காயம் ஒட்டாது என்றேன். இவள் எங்கள் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை என்றேன். அவள் கையை ஈரத்தோடு சேலையில் துடைத்தாள்.

"மொதல்ல உள்ள கொண்டாங்க. வாசல்ல வச்சுக்கிட்டு என்ன பேச்சு?"

பதினாறு நாள். நான் தினமும் காலை பிளாக்பள்ளியிலிருந்து நடந்து போவேன். அருளப்பன் காயம் கழுவுவார். அந்தோணியம்மா கஞ்சி ஊற்றுவாள். கமிட்டி ஞாயிற்றுக்கிழமை கூடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தது. அன்றும் தள்ளிவைத்தது. பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. காலை எடுக்க வேண்டும், ஆனால் நேரம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். திரும்பக் கொண்டுவந்தோம். அன்று காத்தாயி என் கையைப் பிடித்தாள்.

"யாரையும் திட்டாத தாயி. உனக்கு மூச்சு வாங்குது."

பதினாறாம் நாள் செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால். வெளியே பட்டாளத்து லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மூச்சு நின்ற சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் பொது இடுகாட்டில் அடக்கம். சுமக்க நான்கு பேர். ஒருவர் அருளப்பன். ஒருவர் அந்த ஜட்கா வண்டிக்காரர். மற்ற இருவர் நீலசந்திராக்காரர்கள், அவளை அறியாதவர்கள். என் அண்ணன் வரவில்லை. அண்ணி ஒரு புதுச் சேலை கொடுத்தனுப்பினாள். அதை உடுத்தித்தான் அனுப்பினோம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி தீர்மானத்தை மாற்றியது. எந்தச் சபையாராயினும் ஹாலில் தங்கலாம். அண்ணன் அதை ஓடிவந்து என்னிடம் சொன்னார். நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். பரிமாறி முடித்தேன்.

போனவர்களைச் சொல்கிறேன்.

சாமுவேல், என் கணவர். முப்பத்தொரு வயது. உடல் கிடைக்கவில்லை.

எங்களை விட்டு முன்னால் போனவர்கள் ஒன்பது பேர். ஐந்து பேர் வழியிலேயே போய்விட்டார்கள். ஜெபம் செய்த பெரியவர் அதில் ஒருவர். எஸ்தர் ஒருத்தி. அவளுக்கு இருபத்திரண்டு வயது.

தண்ணீர் கேட்ட அந்தக் குரல். பெயர் தெரியாது.

ரங்கூன் வீடு. கல்யாணப் போட்டோ. என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள்.

காத்தாயி. அத்திபெலே பக்கம் மூன்று முறை போய்க் கேட்டேன். அவளைத் தெரிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை. அவள் இறந்த சேதியை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

கிரேஸ் இருக்கிறாள். எட்டு நாள் அவள் முகத்துக்கு நேரே இருந்தது காத்தாயியின் பிடரி. முகம் அவளுக்கு நினைவில்லை. அதையும் இழப்பில் சேர்க்கிறேன்.