அட்வான்ஸ் திரும்பாது

...அஞ்சு பேசோ மிச்சம் புடிக்க, இருபது பேசோ ஜீப்புக்குக் குடுத்துட்டு ஹாரோ சந்தைக்குப் போறாருங்கறேன்! எங்க வீட்டுக்காரர் அமாடோவத்தான் சொல்றேன். அரிசி அங்க மலிவாம். மலிவு! கேட்டா, "நெனிதா, உனக்குக் கணக்கு தெரியாது"ங்கறாரு. எனக்கு! பக்கத்து சீட்டுல உக்காந்து சிரிக்கிறியே தங்கச்சி, நீயே சொல்லு.

எதிர்வீட்டு டெலியாவும் அப்படித்தான். கல்யாணமான நாள்லேருந்து ஒரே லாட்டரி நம்பரு. ஏன்டி, விட்டுத் தொலையேன்னேன். "நான் விட்ட அன்னிக்கு விழுந்துட்டா?"ங்கறா. விழாத நம்பருக்குப் பயந்துக்கிட்டே பணங்கட்டறா, பாரேன்! மூளையக் கழட்டி வச்சுட்டுத்தான் கடைக்கே போவாளுங்க போல.

நான் அப்படி இல்லம்மா. காசோட அருமை தெரிஞ்சவ.

எம்பொண்ணு லிகாயா கல்யாணத்தையே எடுத்துக்கயேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியாச்சு. விருந்துக்குப் பன்னி சுடறவனுக்குச் சொல்லியாச்சு. கவுன் தைச்சு வந்தாச்சு. அந்த நேரம் பாத்து வந்து நிக்கறா. "அம்மா, ரொடெல் என்ன அறைஞ்சுட்டாரு. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்"ங்கறா. கன்னம் செவந்துதான் இருந்துது, இல்லேங்கல. அதுக்காக? மண்டபத்துக்காரன் ஒத்தக் காசு திருப்பித் தர மாட்டான்! "ஏன்டி, கட்டுன பணத்தக் கடல்ல கொட்டச் சொல்றியா?"ன்னேன். அமாடோ குறுக்க வந்து, "போனாப் போகுது, விட்டுரு"ங்கறாரு. அஞ்சு பேசோவுக்கு ஊரு சுத்தற மனுசன், பேசற பேச்சா இது?

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துது. பன்னித் தோலு மொறுமொறுன்னு... ஆகா! வந்தவங்க விரல நக்கிட்டுப் போனாங்க. அவதான் ஒரு வாய் தொடல. பிடிவாதம்!

அப்புறம் எப்பப் பாரு போனு, அழுகை. இப்பக் கை ஒடிஞ்சிருக்காம். "அம்மா, வந்து கூட்டிட்டுப் போ"ன்னா. அதான் இந்தக் கப்பலப் புடிச்சு, அவ வாக்கப்பட்ட ஊரு பகோலோட்டுக்குப் போறேன்.

என்னது, கூட்டிட்டு வரவா? நல்லாக் கேட்ட போ! அவங்களுக்கு வீடு கட்ட நாங்கதான் பணம் போட்டிருக்கோம். சுவரு பாதி எழும்பியாச்சு. இப்ப இவ கெளம்பி வந்துட்டா அதெல்லாம் யாருக்கு? கைக்குக் கட்டுப் போட்டுட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லி, அங்கயே இருத்திட்டு சாயங்காலக் கப்பல்ல திரும்பிருவேன்.

ஏன் அப்படிப் பாக்கற? பெத்தவளுக்கு வலிக்காதா? அந்தக் கன்னத்தப் பாத்தப்பவே எனக்கு... சரி விடு. வலிக்குதுன்னு பணத்த விட்டுர முடியுமா?

எங்கம்மா எந்திரிச்சுட்ட? மேல்தளத்துக்கா? அங்க வெயிலு மண்டையப் பொளக்குது! ஏசி சீட்டுக்குத்தானே காசு குடுத்த? ஏம்மா... தங்கச்சி!

போயே போயிட்டா.

இவளுங்களுக்கெல்லாம், கட்டுன காசத் தூக்கிப் போட்டுட்டு எந்திரிச்சுப் போக, எப்படித்தான் மனசு வருதோ!