மூடாத வட்டம்

மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட எனக்குப் பிடிக்காது. ஆனால் ஆய்வக உதவியாளராகப் பத்தொன்பது வருஷம் அப்படித்தான் சாப்பிட்டேன். குடுவை உடைந்தால் மட்டும் என்னைத் தேடுவார்கள். வீட்டிலும் பேச ஆள் கிடையாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலே எனக்கு மறந்துவிடும்.

அவள் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் நாளே டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா" என்றாள். அந்த உரிமையை அதுவரை யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

அவள் வேலையைச் சொல்கிறேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்குக் குடிக்கும் ஒரு மூலிகை. அச்சு அசலாக அதைப் போலவே இன்னொரு செடி உண்டு. அது சிறுநீரகத்தைத் தின்றுவிடும். பொடியாக்கிவிட்டால் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. இலையிலுள்ள பசுங்கணிகத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்தமாக டி.என்.ஏ. இருக்கிறது. மூலிகையின் அந்த இரண்டையும் முழுதாக வாசித்துவிட்டால் கலப்படம் பிடிபட்டுவிடும். துண்டு துண்டாக வாசித்து ஒட்டிக்கொண்டே போனால், கடைசியில் தலையும் வாலும் சேர்ந்து வட்டமாக மூட வேண்டும். மூடினால் பட்டம். பட்டம் கிடைத்ததும் வெளிநாடு போய்விடுவேன் என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள்.

செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, இலை பறித்து, திரவ நைட்ரஜன் ஊற்றிப் பொடிப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் மற்றச் செடியின் இலையையும் கொஞ்சம் சேர்த்தேன். இரண்டு செடிகளின் டி.என்.ஏ. எழுத்துகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வட்டம் மூடவில்லை. "என் கைதான் ராசியில்லையாக்கா?" என்பாள். டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வேன். நான்கு வருஷம் போனது. அதற்குள் கலப்படப் பொடியைக் குடித்து இறந்தவர்களின் பட்டியலை நீங்கள் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. அவர்களை எனக்குத் தெரியாது.

ஒரு விடுமுறை நாளில், ஆசைக்காக, இரண்டு செடிகளையும் கலப்பில்லாமல் தனித்தனியாக வாசித்துப் பார்த்தேன். வட்டங்கள் அழகாக மூடின. என் கணினியில் பத்திரப்படுத்தினேன். வேலை தெரிந்தவள் நான்.

மூன்றாம் வருஷம் அவள் ஒரு மூலிகைப் பொடிப் பொட்டலம் கொண்டுவந்தாள். "அம்மா இதத்தான் குடிக்கிறாங்க. உங்க அனுபவத்துக்கு எப்படித் தெரியுது, பாத்துச் சொல்லுங்கக்கா."

அந்தப் பொடியை வாசித்து, என் வட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் மற்றச் செடி.

"நல்லதுதான், குடிக்கச் சொல்லு" என்றேன்.

விஷம் என்று சொல்லியிருந்தால் எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டிருப்பாள். எதற்கும் நிறுத்தச் சொல் என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அவள் சும்மா இருக்கிற பெண் இல்லை; பொட்டலத்தோடு வேறு பெரிய ஆய்வகத்துக்குப் போய் நின்றிருப்பாள். அங்கே வட்டம் ஒரே மாதத்தில் மூடியிருக்கும்.

எட்டு மாதத்தில் அம்மா போய்விட்டார். பன்னிரண்டாம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். "வீட்டுக்குப் போகவே பிடிக்கலக்கா" என்றாள். வெளிநாட்டுப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டாள். மதியம் மட்டுமில்லை, சாயங்காலமும் என்னோடுதான் இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை லேபிள் அச்சடிக்க என் கணினியில் உட்கார்ந்தவள் அந்தக் கோப்புகளைப் பார்த்துவிட்டாள். வட்டங்கள், தேதியோடு. அதற்குக் கீழே பொடியின் முடிவு.

"இது அம்மாவோட பொடியாக்கா?"

"ஆமா" என்றேன். அவளிடம் போய்ப் பொய் சொல்ல எனக்கு மனசு வராது.

எழுந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

சாட்சி சொல்லட்டும், எனக்கு வருத்தமில்லை. இப்போது கோபம் இருக்கும், ஆறிவிடும். தாயும் இல்லாத பெண். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.